குறைந்த விலையில் ஒரு நல்ல பல்மானி

இலங்கையின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போர்க்குக் கற்பிட்டி, வடக்கு நோக்கி நீட்டிய ஒரு மெல்லிய விரலைப் போலத் தோன்றும். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் கடனீரேரி, இடையே மணல் நிலம். மீனும் உப்பும் தென்னையும் பேர் வாங்கித் தந்த இந்தக் கரையோரத்தில் மின்சாரமும் இப்போது ஒரு பெரிய தொழிலாகிவிட்டது. நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று அளவை எட்டிய அனல் மின் நிலையம் உண்டு. மாம்புரிக் கரையில் காற்றாலைகள் சுழல்கின்றன. இவ்வாறான ஊரில் வளரும் ஒரு பையனுக்குப் பழைய வானொலிப் பெட்டியின் முதுகைத் திருகித் திறந்து பார்க்கும் ஆசை உண்டாவது வியப்பன்று. அந்த ஆசை பிறந்த சில நாட்களில் பிறப்பதுதான் ஒரு பல்மானி வாங்கும் எண்ணம். மல்டிமீற்றர் என்று கடைகளில் கேட்டு வாங்குவதும், மாணவர்களின் பௌதிகப் பாடத்தில் பல்மானி என்று வருவதும் இந்த ஒரே கருவியைத்தான்.

பொழுதுபோக்குக்காக வாங்கும் கருவிதானே, எதுவாயிருந்தால் என்ன என்று சிலர் எண்ணலாம். ஆயின், கரையோரக் கிராமத்தில் பொழுதுபோக்கு நெடுநாள் பொழுதுபோக்காக இருப்பதில்லை. உடப்பிலோ கற்பிட்டியிலோ ஓர் இளைஞனிடம் பல்மானி இருப்பது தெரிந்துவிட்டால், மறுநாளே அயல் வீட்டார் ஒருவர் தம் படகின் பற்றரியைச் சுமந்து கொண்டு வந்து வாசலில் நிற்பார். “தம்பி, இது இன்றிரவு தாங்குமா?” என்று கேட்பார். அந்தப் பற்றரியை நம்பித்தான் இரவில் படகின் விளக்கு எரிய வேண்டும். வழிகாட்டும் கருவியும் தொடர்புக் கருவியும் இயங்க வேண்டும். மீற்றர் காட்டும் எண்ணை நம்பி ஒருவர் கடலுக்குப் போகிறார். ஆகவே, அந்த எண் பொய் சொல்லாமல் இருத்தல் வேண்டும்.

முன்னாளில் மின்னோட்டத்தை அளக்க ஒரு கருவி, மின்னழுத்தத்தை அளக்க வேறொன்று, தடையை அளக்க மற்றுமொன்று என்று தனித்தனியே சுமந்து திரிந்தார்கள். இங்கிலாந்தின் தபால் திணைக்களத்தில் பொறியியலாளராயிருந்த டொனால்ட் மக்காடி என்பார் இந்தச் சுமையில் சலித்து, மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். அம்பியர், வோல்ற்று, ஓம் ஆகிய சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஏவோ’ எனப் பெயர் பெற்ற அக்கருவி 1923இல் விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த எட்டாம் மாதிரி 1951 முதல் 2008 வரை தொடர்ந்து செய்யப்பட்டது. செங்கல்லைப் போலக் கனத்தாலும் உழைப்பில் அதற்கு நிகர் அரிது. பின்னர் 1970களின் பிற்பகுதியில், இன்டர்சில் நிறுவனத்தின் 7106 என்னும் ஒற்றைச் சில்லு வந்தது. அளவீட்டை எண்ணாக மாற்றித் திரையில் காட்டும் வேலை முழுவதையும் அந்தச் சில்லே பார்த்துக்கொண்டது. இன்று பெட்டிக் கடையிலும் தொங்கும் மலிவான இலக்க மீற்றர்கள் பலவும் அந்த அமைப்பின் பேரப்பிள்ளைகளே.

முள் அசையும் பழைய வகையை வாங்குவதா, எண் காட்டும் புதிய வகையை வாங்குவதா என்பது முதற் கேள்வி. படகுக்காரரின் பற்றரியை வைத்தே இதற்கு விடை காணலாம். 12 வோல்ற்று ஈயப் பற்றரி முழுமையாக ஏற்றப்பட்டு ஓய்வாயிருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ற்றும், பாதி வடிந்தபின் 12.2 வோல்ற்றும் காட்டும். 11.9க்கு இறங்கினால் அது வெறுமையை நெருங்கிவிட்டது. நிறைவுக்கும் பாதிக்கும் இடையே உள்ளது அரை வோல்ற்று மாத்திரமே. விலை குறைந்த முள் மீற்றரில் 10 வோல்ற்று எல்லைக்கு அடுத்தது பெரும்பாலும் 50 வோல்ற்று எல்லையாகும். முழு அளவில் 3 சதவீதம் பிழை இருக்கலாம் என்று அதன் குறிப்பேடு கூறுமானால், அது ஒன்றரை வோல்ற்றுப் பிழை. அரை வோல்ற்று வேறுபாட்டை ஒன்றரை வோல்ற்றுப் பிழையுள்ள கருவியால் எவ்வாறு கண்டறிவது? சாதாரண இலக்க மீற்றரோ, 20 வோல்ற்று எல்லையில், காட்டும் அளவின் அரைச் சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை என்ற கணக்கில், இதே பற்றரியைப் பத்திலொரு வோல்ற்றுக்கும் குறைந்த பிழையுடன் அளந்துவிடும்.

மீற்றர் தான் அளக்க வந்த சுற்றையே மாற்றிவிடும் குறையும் உண்டு. 12 வோல்ற்றுப் பற்றரியின் குறுக்கே 100 கிலோ ஓம் தடையிகள் இரண்டைத் தொடராக இணைத்தால், நடுப்புள்ளியில் 6 வோல்ற்று இருத்தல் வேண்டும். வோல்ற்றுக்கு 2,000 ஓம் என்று குறித்த மலிவான முள் மீற்றரை 10 வோல்ற்று எல்லையில் அங்கே தொடுத்தால், அது காட்டுவது 1.7 வோல்ற்று மட்டுமே. வோல்ற்றுக்கு 20,000 ஓம் உள்ள நல்ல முள் மீற்றர் 4.8 காட்டும். உள்தடை 1 மெகா ஓம் உள்ள இலக்க மீற்றர் 5.7ம், 10 மெகா ஓம் உள்ளது 5.97ம் காட்டும். திரான்சிஸ்டர் சுற்றுக்களில் இத்தகைய புள்ளிகள் நிறைய உண்டு. மலிவு மீற்றரை நம்பிப் பழுதில்லாத திரான்சிஸ்டரைக் கழற்றி எறிந்தவர்கள் எத்தனை பேரோ! ஆதலால், உள்தடை 10 மெகா ஓம் என்று குறிப்பேட்டில் இருக்கிறதா என்பதைப் பார்த்தே தெரிவு செய்தல் நன்று.

முள் மீற்றரை அதனால் இகழ்ந்துவிடவும் கூடாது. வோல்ற்றை அளக்க அதற்குச் சொந்தப் பற்றரி வேண்டியதில்லை. ஒலிக் கட்டுப்பாட்டுத் திருகின் உள்ளே தேய்வு இருந்தால், திருகும்போது முள் துள்ளிக் காட்டிக் கொடுக்கும். எண்கள் அந்த வேளையில் கண்ணைக் குழப்பும். பெரியவர் ஒருவரின் பழைய முள் மீற்றர் வீட்டில் கிடைத்தால் அது இரண்டாவது கருவியாக இருக்கட்டும். புதிதாகக் காசு கொடுத்து வாங்குவது இலக்க மீற்றராக இருப்பதே தகும்.

கடையில் காட்டப்படும் இலக்க மீற்றர்களில் மிக மலிவானதையும், அதன் மூன்று நான்கு மடங்கு விலையுள்ளதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திரையில் தெரியும் எண்ணில் பெரிய வேறுபாடு இராது. இரண்டும் 1999 வரையே எண்ணும். வீட்டு வேலைக்கு அது போதும். 6,000 எண்ணுகிறது, 20,000 எண்ணுகிறது என்னும் விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். கூடுதல் பணம் போகவேண்டிய இடம் பெட்டியின் உள்ளே இருக்கிறது.

மிக மலிவான மீற்றர்களில் 10 அம்பியர் துளையின் அருகே ‘உருகி இல்லை’ என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாங்குவோர் பலர் அதனை வாசிப்பதில்லை. ஒருவர் பற்றரியின் மின்னோட்டத்தை அளந்து முடித்துவிட்டு, சிவப்புக் கம்பியை அந்தத் துளையிலேயே மறந்து விடுகிறார். சற்று நேரம் கழித்து, சுவரிலுள்ள மின்சாரம் சரியா என்று பார்க்க இரண்டு முனைகளையும் 230 வோல்ற்றுத் துளைகளில் நுழைக்கிறார். அந்த 10 அம்பியர் பாதையின் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவே. அதாவது, அவர் கையில் பிடித்திருப்பது மீற்றரன்று. இரண்டு மின்கம்பிகளையும் நேரே இணைக்கும் ஒரு செப்புத் துண்டு. இடையே தகுந்த உருகி இருந்தால் அது எரிந்து அறுந்து ஆளைக் காக்கும். இல்லையேல், மீற்றர் கையிலேயே வெடிக்கக்கூடும். கண்ணாடிக் குழாய் உருகியும் இத்தகைய பேரோட்டத்தில் சிதறிவிடலாம். மணல் நிரப்பிய பீங்கான் உருகியே அதனை அடக்கவல்லது. ஆகவே, 10 அம்பியர் துளைக்கும் உருகி உள்ளதா, அது எவ்வகை உருகி என்று கேட்டு வாங்குவது வெறும் நுணுக்கம் பார்ப்பதாகாது.

முகப்பில் ‘கெட் 2’, ‘கெட் 3’ என்னும் குறிகளும் காணப்படும். சுவர்த் துளையில் செருகும் சாதனங்களுக்கு இரண்டாம் வகுப்பு, வீட்டின் மின்பகிர்வுப் பலகைக்கு மூன்றாம் வகுப்பு, வெளிக்கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு நான்காம் வகுப்பு என்பது சர்வதேச நியதி. மின்வலையில் திடீரென எழும் அழுத்தத் துள்ளலை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை அவை குறிக்கின்றன. ஆனால், அச்சிடுவதற்கு அதிகச் செலவில்லை. புகழ் பெற்ற பெயர் ஒன்றில் ஓரெழுத்தை மாற்றி விற்கப்படும் மீற்றரில் எந்தக் குறி இருந்தாலும், அதனை இறால் பண்ணையின் மூன்று கட்ட மோட்டாருக்கோ பகிர்வுப் பலகைக்கோ கொண்டு செல்லாதிருப்பதே அறிவுடைமை. பற்றரி, வானொலி, சூரிய மின்தகடு ஆகியவற்றோடு அது நின்றுகொள்ளட்டும். சந்தையில் மூன்று மடங்கு விலை கொடுக்கும்போது உருகியும், தடித்த உறையுள்ள கம்பிகளும், 10 மெகா ஓம் உள்தடையும் சேர்ந்து கிடைத்தால் அது இலாபமே. அவை கிடையாமல் வெளிச்சமான திரை மட்டும் கிடைத்தால் நட்டம்.

கொழும்புப் புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவில் வகைகள் அதிகம். ஆயின், புத்தளத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர். 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்த பின்னர் இறக்குமதிப் பொருள் எல்லாமே விலையேறின. பழுதானதை வாங்கி வந்து மீண்டும் மாற்றப் போவது பஸ் கட்டணத்தையும் சேர்த்து இரட்டைச் செலவாகும். ஆகவே, கடைக்குப் போகும்போதே சட்டைப் பையில் இரண்டு பொருட்கள் இருக்கட்டும்: புதிய அல்கலைன் மின்கலம் ஒன்று, ஒரு சதவீதப் பிழையுள்ள 10 கிலோ ஓம் தடையி ஒன்று. புதிய மின்கலம் ஏறத்தாழ 1.6 வோல்ற்றுக் காட்டவேண்டும். தடையி 9.9க்கும் 10.1க்கும் இடையில் நிற்கவேண்டும். பின்னர், 200 ஓம் எல்லையில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக் கம்பிகளை அசைத்துப் பார்க்கலாம். அரை ஓமுக்குள் அசையாது நின்றால் கம்பி நல்லது; எண் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. தெரிவு ஆளியை ஒவ்வொரு நிலையிலும் திருப்பி, அது தெளிவாக அமர்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். கடைக்காரர் முகம் சுளிக்கக் கூடும். 130 கிலோமீற்றரை நினைத்தால் அந்தச் சுளிப்புப் பெரிதன்று.

வீட்டுக்கு வந்தபின் படகுப் பற்றரியை அளப்பதிலும் ஒரு முறை உண்டு. ஓய்வில் 12.6 காட்டும் கிழப் பற்றரி, விளக்கை ஏற்றியதும் 11க்குக் கீழே சரிந்து விடுவதுண்டு. ஆதலால், சுமை இல்லாமல் ஒருமுறையும், படகின் விளக்கை எரியவிட்டு ஒருமுறையும் அளந்த பின்னரே “தாங்கும்” என்று சொல்லலாம்.

இறுதியாக உப்புக் காற்று. கடலுக்கும் கடனீரேரிக்கும் நடுவில் வாழும் மீற்றருக்கு அதுவே தீராத பகை. செப்பில் பச்சை பூக்கும். ஆளியின் தொடுகைகள் மங்கும். கசிந்த மின்கலம் தகட்டை அரிக்கும். மூடி இறுகிய தகரப் பேணியில், ஈரமுறிஞ்சும் சிறு பொதி ஒன்றோடு அதனை வைத்தல் நன்று. பயன்படுத்தாத மாதங்களில் உள்ளிருக்கும் 9 வோல்ற்று மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். அந்த மின்கலம் நலிந்துவிட்டால், மலிவான மீற்றர்கள் உண்மைக்கு மேலான எண்ணைக் காட்டத் தொடங்கும். பாதி வடிந்த படகுப் பற்றரி அப்போது நிறைந்ததாகத் தோன்றும். திரையில் பற்றரிச் சின்னம் தெரிந்தவுடன், அன்றைய அளவுகள் எதனையும் நம்பாமல் மின்கலத்தை மாற்றி, மாற்றிய திகதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பின்மூடியின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். அயல் வீட்டார் மறுபடியும் பற்றரியுடன் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திகதியைத்தான்.