சுவரில் யார் முகம்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. வந்த இடத்தில், இந்த மண்டபத்துச் சுவரில் பறை வரையப்போறதாச் சொல்லி ஸ்கெட்ச்சைக் காட்டினீங்க. அதனால கவிதையை விட்டுட்டு ஒரு சுவரைப் பத்திப் பேசறேன்.

அமெரிக்காவில், அப்பலாச்சிய மலைப்பகுதியில் பிரிஸ்டல் என்று ஒரு சின்ன ஊர். கடைத்தெருவின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் வர்ஜீனியா, எதிர்ப்பக்கம் டென்னசி. அந்தத் தெருவில் டிம் ஒயிட் என்கிற ஓவியர் 1986-இல் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராட்ஜர்ஸ், அவர்களைப் பதிவு செய்த ரால்ஃப் பியர் எல்லாரும் அதில் இருக்காங்க. 1927 ஜூலைக் கடைசியில் விக்டர் கம்பெனிக்காக அந்த ஊருக்கு வந்த பியர், பழைய தொப்பிக் கிடங்கின் மாடியில் கருவிகளை இறக்கி, பன்னிரண்டே நாளில் 76 பதிவுகள் செய்தார். கன்ட்ரி இசை பிறந்த ஊர் இதுதான் என்று 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது.

நல்ல ஓவியந்தான். பட்டிக்காட்டான் என்று நகரத்துக்காரன் இளித்த ஏழை மலைச்சனத்தின் பாட்டு சுவரேறி இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனா நான் பேர் சொன்ன அத்தனை பேரும் வெள்ளையர்கள்.

அதே மாடியில் ஜூலை 28 அன்று எல் வாட்சன் என்ற கறுப்பர் மவுத் ஆர்கன் வாசித்துப் பதிவு செய்தார். ஜான்சன் சகோதரர்கள் என்ற வெள்ளையரோடும் சேர்ந்து வாசித்தார். ஆனால் அன்றைய கம்பெனிகளிடம் இரண்டு பட்டியல்கள். கறுப்பருக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', மலை வெள்ளையருக்கு 'ஹில்பில்லி'. சேர்ந்து வாசித்தவர்களை விலைப்பட்டியல் பிரித்தது. அறுபது வருஷம் கழித்துச் சுவரும் அந்தப் பட்டியலைத்தான் பார்த்து எழுதியது. இத்தனைக்கும் அந்த இசையின் உயிரான பாஞ்சோ யாருடையது? அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த கருவியின் வாரிசு அது. தோல்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொருத்தர் லெஸ்லி ரிடில். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பர். 1928-இல் ஏ.பி. கார்ட்டர் இவரைச் சந்திக்கிறார். இரண்டு பேரும் மலை மலையாய்ப் பாட்டுத் தேடி அலைகிறார்கள். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மெட்டு முழுக்க ரிடிலின் தலைக்குள்ளே. திரும்பி வந்து குடும்பத்துக்குப் பாடிக் காட்டுவார். மேபெல் கார்ட்டர் இவரிடமிருந்து கிட்டார் வாசிப்பும் கற்றார். இசைத்தட்டில் ரிடில் பேர் இல்லை. நான் கவுண்டரில் உட்காருகிறவன். கணக்கு யார் பேரில் இருக்கோ வட்டி அவனுக்குத்தான். 1965-இல் மைக் சீகர் ரிடிலைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். அது தனித்தொகுப்பாக வெளிவந்தது 1993-இல். ரிடில் அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார்.

வேறு மாதிரியும் நடந்திருக்கு. வட கரோலினாவின் மார்கன்டனில் எட்டா பேக்கர் என்ற கறுப்புப் பெண், வருஷக்கணக்கில் துணி ஆலையில் உழைத்துக்கொண்டே கிட்டார் வாசித்தவர். 2017-இல் அந்த ஊர் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. முகம், கிட்டார், பேர் மூன்றும் இருக்கு.

இப்ப உங்க ஸ்கெட்ச். பறை இருக்கு, குச்சி இருக்கு, காய்ச்சுகிற தீ இருக்கு, இரண்டு கை இருக்கு. மணிக்கட்டோட படம் முடிஞ்சுபோச்சு. யார் கை? எங்க தாத்தா சாவுக்கு அடிச்சவர், கூலி படி நெல்லு. எங்கப்பா இனி அடிக்கமாட்டேன்னு குச்சியை அடுப்பில் போட்டவர். அதுக்காக அடியும் வாங்கினார். இந்த ஓவியத்தைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவாரா, தலையைத் திருப்பிக்குவாரா, எனக்கே தெரியாது.

எங்க தெருவில் வாசிக்கிறவங்க நாலு பேர் இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை வாங்க, உட்கார்ந்து கேளுங்க. என்னை வரையாதேன்னு ஒருத்தர் சொன்னா அதையும் கேட்டுக்கங்க. பெயிண்ட் அப்புறம் வாங்கலாம்.