தனித்து விடப்படும் நாய்க்குட்டி ஏன் கடித்துக் குதறுகிறது?



"நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சும்மா அலைபவர்களைக் கேலி செய்யப் பிறந்த பழமொழி அது. ஆனால் சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டில் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை தனியே அடைபட்டுக் கிடக்கும் நாய்க்குட்டிக்கு அதன் முதல் பாதி அப்படியே பொருந்தும். அதற்கு வேலை இல்லை. ஓட இடம் இல்லை. உடன் விளையாட ஆள் இல்லை. ஈறுகளிலோ ஓயாத நமைச்சல். அதனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கிடைத்ததைக் கடிக்கிறது.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய், அங்கிருந்து துணைப்பாட வகுப்புக்கும் போகிறார்கள். மாலையில் கதவைத் திறந்தால் சோபாவின் பஞ்சு கூடமெங்கும் பறக்கிறது. காலணிகள் கிழிந்து கிடக்கின்றன. ரிமோட் இரண்டு துண்டாகி விட்டது. "நம்மை விட்டுவிட்டுப் போனார்களே என்று பழிவாங்குகிறது" என்று வீட்டார் நினைக்கிறார்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், "இந்த நாயே வேண்டாம், யாரிடமாவது கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். ஆசையாய் வாங்கி வந்த ஓர் உயிர் சில மாதங்களிலேயே வேண்டாத பொருளாகிவிடுகிறது.

இந்த நிலையைத் தவிர்க்க முடியும். அதற்கு முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். நாய்க்குட்டிக்குப் பழிவாங்கத் தெரியாது. கடிப்பது அதன் தேவை. அந்தத் தேவைக்கு வழி செய்து கொடுப்பது வளர்ப்பவரின் கடமை.

மூன்று காரணங்கள்

நாய்க்குட்டி பொருள்களைக் கடிப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பல். நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் இருக்கும். ஏறத்தாழ 3 அல்லது 4 மாத வயதில் அவை விழத் தொடங்கும். 6, 7 மாதத்திற்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறுகள் வீங்கி நோகும். கைக்குழந்தை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைப்பது போல, நாய்க்குட்டியும் எதையாவது அழுத்திக் கடித்து ஆறுதல் தேடும். மேசைக்கால், கதவு விளிம்பு, செருப்பு எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்.

இரண்டாவது, சலிப்பு. குட்டிக்குக் கை இல்லை. உலகத்தை வாயால்தான் தொட்டுப் பார்க்கிறது. உடலும் மூளையும் களைக்காத குட்டி தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். பற்கள் எல்லாம் முளைத்த பிறகும் ஒரு வயது வரை, சில நாய்களுக்கு அதற்கு மேலும், கடிக்கும் ஆசை குறையாமல் இருக்கும்.

மூன்றாவது, பயம். தனிமையைத் தாங்க முடியாத பதற்றம் இது. மற்ற இரண்டோடும் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பயந்த குட்டி பெரும்பாலும் வீட்டார் வெளியேறிய கதவையும் சன்னலையும்தான் பிறாண்டும், கடிக்கும். ஆட்கள் போன சிறிது நேரத்திலேயே ஊளையிடத் தொடங்கும். எச்சில் ஒழுகும், தரை நனையும், வைத்த தின்பண்டத்தைத் தொடாது. சலிப்பில் கடிக்கும் குட்டியோ நன்றாகத் தூங்கி எழுந்து, சாவகாசமாகச் செருப்பைத் தேடிப் போகும்.

எது காரணம் என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பழைய கைத்தொலைபேசி ஒன்றைக் கூடத்தில் நிறுத்தி, முதல் ஒரு மணி நேரத்தைப் படம் பிடித்துப் பாருங்கள். காரணம் தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது.

குற்ற உணர்வு கொண்ட முகம்

"நான் உள்ளே வந்ததுமே அது தலையைத் தாழ்த்திக்கொண்டு மூலைக்குப் போகிறது. தப்புச் செய்தது அதற்குத் தெரியாமலா இருக்கும்?" என்று பலர் கேட்பார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 14 நாய்களை அவர் சோதித்தார். உரிமையாளர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தின்னாதே" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வந்ததும் நாய் அதைத் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். அப்படிச் சொன்னது எல்லா நேரத்திலும் உண்மையாக இருக்காது. முடிவு என்ன? நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் "குற்ற முகத்திற்கும்" தொடர்பே இல்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அந்த முகம் வந்தது. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடமே அது கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, அது குற்ற உணர்வு அன்று. எதிரில் நிற்பவரின் கோபத்தைக் கண்ட அச்சம்.

ஆகவே, காலையில் கடித்த செருப்புக்காக மாலையில் ரோத்தானை எடுப்பதில் பயன் எதுவும் இல்லை. கிழிந்த செருப்பைக் குட்டியின் மூக்கில் தேய்ப்பதும் அப்படித்தான். பல மணி நேரத்துக்கு முன் செய்ததையும் இப்போது விழும் அடியையும் இணைத்துப் பார்க்க அதற்குத் தெரியாது. "இவர் வீட்டுக்கு வந்தால் அடி விழும்" என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். மறுநாள் தனிமையோடு அந்தப் பயமும் சேரும். பயம் கூடினால் கடிப்பதும் கூடும்.

கண்ணெதிரே கடிக்கும்போது மட்டும் திருத்தலாம். அப்போதும் பிடுங்கக் கூடாது. அதற்குரிய விளையாட்டுப் பொருளையோ ஒரு தின்பண்டத்தையோ காட்டி, வாயில் இருப்பதை மாற்றி வாங்க வேண்டும். பின் பாராட்ட வேண்டும். பிடுங்கிப் பழக்கினால், குட்டி பொருளை ஒளித்து வைக்கவும் அவசரமாக விழுங்கவும் கற்றுக்கொள்ளும்.

செருப்பை விடப் பெரிய இழப்பு

சோபாவை மாற்றிவிடலாம், உயிரை மாற்ற முடியாது. செருகி வைத்திருக்கும் மின்கம்பியைக் கடித்தால் வாய் வெந்துபோகும், உயிரும் போகலாம். காலுறையையோ துணியையோ விழுங்கினால் குடல் அடைபட்டு அறுவைச் சிகிச்சை வரை போக நேரிடும். பொத்தான் மின்கலம் உணவுக்குழாயை அரித்துவிடும்.

நம்மவர் வீடுகளில் பூசை அறையையும் கவனிக்க வேண்டும். கற்பூரம் நாய்க்கு நஞ்சு. அலமாரியில் வைக்கும் அந்துருண்டையும் நஞ்சுதான். நெய்யோ எண்ணெயோ ஊறிய திரி குட்டிக்கு நல்ல தின்பண்டமாக மணக்கும். சமையலறையில் வெங்காயம், திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லெட், சைலிடால் கலந்த சர்க்கரையில்லா இனிப்புகள் ஆகியவற்றைக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தாழ்வாரத் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கும் டீபன்பாக்கியா வாயையும் தொண்டையையும் எரிய வைக்கும். சைகஸ் செடி கல்லீரலையே கெடுத்துவிடும்.

இவை அத்தனையையும் ஒரே நாளில் அப்புறப்படுத்துவது கடினம். அதனால் வீடு முழுவதையும் குட்டிக்குத் திறந்து விடாமல் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்குங்கள். மடிப்பு வேலி அல்லது குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு போதும். உள்ளே படுக்கை, தண்ணீர், சிறுநீர்த் தாள், கடிக்க இரண்டு பொருள்கள் இருக்கட்டும். வெயில் நேரே விழாத, காற்றாடி சுழலும் இடமாக அது இருக்க வேண்டும். சிறிய கூண்டில் நாள் முழுவதும் அடைத்துப் போடுவது தீர்வாகாது.

மரச்சாமான்களில் மிளகாய்த் தூள் தடவுவோரும் உண்டு. குட்டியின் கண்ணையும் மூக்கையும் அது புண்ணாக்கும், வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் கசப்புத் தெளிப்பானைப் பயன்படுத்தலாம். ஆனால் சில குட்டிகள் அதையும் நக்கிவிடும். அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

கடிக்க எதைக் கொடுப்பது?

1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் ஒரு நாய் வளர்த்தார். அது கற்களைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் வோக்ஸ்வாகன் வேன் ஒன்றைப் பழுது பார்த்தபோது அதிலிருந்த ஒரு ரப்பர் பாகத்தை நாய் எடுத்துக்கொண்டு போய் விரும்பிக் கடித்தது. அதைப் பார்த்துத்தான் உள்ளே குழிவான ரப்பர் பொம்மையை அவர் உருவாக்கினார். "காங்" என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் விற்பனையாகிறது.

அந்தக் குழிதான் முக்கியம். குட்டியின் அன்றாட உணவில் ஒரு பகுதியை அதில் அடைத்து, குளிரூட்டியில் உறைய வைத்துக் கொடுத்தால் நக்கியும் கடித்தும் எடுக்க வெகு நேரம் ஆகும். குளிர்ச்சி ஈறு வலியைக் குறைக்கும். வேலை முடிந்ததும் குட்டி தூங்கிவிடும். தனியாகச் செய்ய ஒரு வேலை வேண்டும் என்ற அதன் தேவை இப்படி நிறைவேறுகிறது.

வாங்கும்போது சிலவற்றைப் பாருங்கள். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் சற்றே பதிய வேண்டும். பதியாத அளவுக்குக் கடினமானது பல்லை உடைக்கும். குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போகும் அளவுக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. சமைத்த எலும்பு வேண்டவே வேண்டாம். அது கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும். துணிப் பொம்மை, ஈரத்துணி, பெரிய கேரட் துண்டு போன்றவற்றை வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

எல்லாப் பொம்மைகளையும் ஒரே நாளில் கொட்டிவிடாமல், மூன்று நான்கை மாற்றி மாற்றிக் கொடுத்தால் புதுமை குறையாது. பழைய செருப்பைக் கொடுத்துவிட்டு, புதுச் செருப்பைக் கடித்ததற்காகக் கோபப்படுவது நியாயமா? இரண்டுக்கும் வேறுபாடு அதற்கு எப்படித் தெரியும்?

தனிமையும் ஒரு பாடமே

தனியாக இருப்பதை நாய்க்குட்டி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்துவிட்டு வந்த குட்டியை மறுநாளே பத்து மணி நேரம் தனியே விடுவது கொடுமை. வாங்கி வரும் வாரத்தில் யாராவது ஒருவர் விடுப்பு எடுப்பது நல்லது. முதலில் வேலிக்கு அப்பால் சில விநாடிகள் மறைந்து நில்லுங்கள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று நீட்டுங்கள். அது அழத் தொடங்குவதற்கு முன்பே திரும்ப வேண்டும். வெளியே போகாத வேளையிலும் சாவியை எடுங்கள், காலணி அணியுங்கள், பிறகு உட்கார்ந்துவிடுங்கள். சாவிச் சத்தத்தின் அச்சம் மெல்ல மறையும். புறப்படும்போது கொஞ்சிக் குலாவ வேண்டாம். உறைந்த பொம்மையைக் கொடுத்துவிட்டு அமைதியாகக் கிளம்புங்கள்.

எத்தனை மணி நேரம் விடலாம்? வயது எத்தனை மாதமோ அதனோடு ஒன்றைக் கூட்டுங்கள். அதிகபட்சம் அத்தனை மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும் என்பது பொதுக் கணக்கு. மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். எனவே பகல் வேளையில் ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். பாட்டி தாத்தா, அண்டை வீட்டார், கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்வோர் என்று எவரையாவது குட்டியை வாங்குவதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

காலையில் புறப்படுமுன் அரை மணி நேரமாவது விளையாட்டுக்கும் பழக்கத்துக்கும் ஒதுக்குங்கள். தடுப்பூசிகள் முழுமையாகும் வரை விளையாட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அதன் பின் கால்நடை மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து வெளியே நடத்திச் செல்லலாம்.

இத்தனைக்குப் பிறகும் குட்டி ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டி, வாயிலும் நகத்திலும் புண்ணாக்கிக்கொண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது சேட்டை அன்று, நோய். இன்னொரு நாய் வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் தவறான எண்ணம். அந்தக் குட்டி ஏங்குவது மனிதத் துணைக்கு. தவிர, வீவக வீட்டில் ஒரு நாய்க்கு மேல் வளர்க்க அனுமதி இல்லை.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

சிங்கப்பூரில் செல்லப்பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றம். அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. ஆனால் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்க நினைக்கும் பெற்றோர் விலையையும் இனத்தையும் விசாரிக்குமுன், "பகல் 12 மணிக்கு இதை யார் பார்ப்பார்கள்?" என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு விடை இல்லையென்றால் இப்போது வாங்க வேண்டாம். விடை இருந்தால், பல் முளைக்கும் அந்தச் சில மாதங்களைப் பொறுமையோடு கடந்துவிடுங்கள். அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அந்த நாய் வாசலில் காத்திருக்கும், பயத்தோடு அல்ல, வாலை ஆட்டிக்கொண்டு.