சிறுகுடித் திராட்சைத் தோட்டங்களும் நாமும்
(நம் சங்கத்தின் தாம்பரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திராட்சை மதுவைப் பற்றி இச்சபையில் ஒரு சொற்பொழிவு நிகழப்போகின்றது என்னும் அறிவிப்பைக் கண்டு, நம் பெரியோர் சிலர் புருவம் நெரித்தனர் எனக் கேள்வியுற்றோம். மது அருந்துமின் என்று உரைக்க யாம் ஈண்டு நிற்கவில்லை. அருந்தாதார் அருந்தாதிருப்பதே நன்று. ஆயினும் நம் மரபினரின் பிள்ளைகள் சிலர் இந்நாளில் பாரிசு முதலிய நகரங்களில் தொழில் புரிகின்றனர்; புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை எய்திய உறவினரும் நமக்கு உளர். அவர்கள் விடுமுறைக்கு வருங்கால், "ஏழெட்டு யூரோவுக்குக் கிடைக்கும் குப்பியிலும் 'பியோ' என்று பொறித்திருக்கின்றதே, இத்துணை மலிவான பொருள் மெய்யாயிருக்குமோ?" என வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த எமக்கு மதுவைப் பற்றியதினும் நிலத்தைப் பற்றிய செய்தியே மிகுதியாகக் கிடைத்தது. அதனையே இன்று கூற விழைகின்றோம்.

'பியோ' என்பது இரசாயன உரமும் செயற்கை நஞ்சும் இடாது விளைத்தது என்பதன் சுருக்கச் சொல். பிரான்சில் இதற்கென 'ஆ, பே' என்னும் ஈரெழுத்து முத்திரை 1985-ல் தோன்றிற்று. கொடிகளை அம்முறைக்கு மாற்றத் தொடங்கி மூன்றாண்டு கழிந்த பின்னரே முத்திரை கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் உழைப்பு மிகும், விலையோ மிகாது. முன்பெல்லாம் பழத்திற்கு மட்டுமே விதி இருந்தது. 2012-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து மது வடிக்கும் முறைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது. அதன்படி, பொதுவான சிவப்பு மதுவில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பெறும் கந்தகக் காப்புப்பொருள், 'பியோ'வில் 100-க்கு மேற்படலாகாது. 2022-ஆம் ஆண்டளவில் அந்நாட்டுத் திராட்சை நிலத்தில் ஐந்திலொரு பங்கு இம்முறைக்கு வந்துவிட்டது.

இனி மலிவின் காரணம். ஷாம்பாஞ் வட்டாரத்தில் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், திராட்சை நிலம் பத்து இலட்சம் யூரோ அளவில் விலை போகின்றது. தெற்கே லாங்கதோக் வட்டாரத்திலோ பதினையாயிரம் யூரோ அளவில் அதே பரப்பை வாங்கலாம். அங்கு வெயில் மிகுதி; வறண்ட காற்று ஓயாது வீசிக் கொடியிலைகளை உலர்த்திவிடுவதால் பூஞ்சண நோய் குறைவு. ஆதலின் நஞ்சின்றிப் பயிர் செய்தல் எளிது. பெயர் பெற்ற ஊரன்மையால் பெயருக்கென ஒரு விலையும் இல்லை. ஆகவே மலிவு ஒன்றே போலிக்கு அடையாளமாகாது. குப்பியில் 'மிஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்' என்றிருப்பின், விளைத்த தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது என்று பொருள். பிரான்சிலேயே வாங்கும் பல குப்பிகளின் மூடியுறையில் 'ஆர்' எழுத்து விளைத்தவரையும், 'என்' எழுத்து வணிகரையும் குறிக்கும். பிள்ளைகட்கு இவ்வளவு எழுதினால் சாலும். அக்குப்பியையே இங்குத் தேடி அலைய வேண்டா. நம் நாட்டு வரிகள் சேர்ந்தபின் அது மலிவுப் பொருளாய் இராது.

அச்சிறு தோட்டக்காரர் இன்றும் நிலைத்திருப்பது எங்ஙனம் என்பதே எம்மை வியப்பித்தது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சியொன்று அந்நாட்டுத் தோட்டங்களைச் சூறையாடிற்று. கொடிகளை மீள நட்டு எழுந்தனர். எழுந்ததும் விலை வீழ்ந்தது. சர்க்கரையும் நீரும் கலந்து போலி மது செய்வார் சந்தையை நிறைத்தனர். 1907-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் மொன்பெலியே நகரில் ஐந்து இலட்சம் பேர் திரண்டனர் என்பர். அவர்தம் தலைவர் மார்செலின் அல்பேர் என்பாரும் ஒரு சிறு தோட்டக்காரரே. அவ்வட்டாரத்து மக்களைக் கொண்ட படைப்பிரிவொன்று அரசின் ஆணைக்கு மாறாக எழுந்தது. அம்மாதமே கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது.

அதற்கு ஆறாண்டு முன்னரே, பேஸியே நகருக்கருகில் மரோஸான் என்னும் சிற்றூரார் கிளர்ச்சியினும் அரிய செயலொன்று செய்திருந்தனர். 1901-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, இடைத்தரகரை விலக்கி, பாரிசிலுள்ள தொழிலாளர் நுகர்வோர் சங்கங்கட்கே தம் மதுவை நேராய் விற்றனர். பெருந்தலைவர் ஜொரேஸ் 1905-ல் அவ்வூருக்குச் சென்று கண்டார். நம் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய ஆண்டு 1904 என்பதை ஈண்டு நினைவூட்டுகின்றோம். அங்கே விளைப்போர் கூடினர். இங்கே வாங்குவோர் கூடினர். இருசாராரும் ஒருவரையொருவர் அறிந்திலர்.

நம் குடும்பங்களை நேரே தொடும் செய்தி இனி வருவது. 1804-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சு நாட்டில் மக்கள் அனைவர்க்கும் சொத்தில் சமபங்கு உண்டு. ஆதலின் தலைமுறைதோறும் தோட்டம் துண்டாகும். 1970-ல் இதற்கொரு வழி கண்டனர். உடன்பிறந்தார் நிலத்தைப் பிரியாது, அதனைப் பங்குகளாகக் கொண்ட நிலக் குழுவாகப் பதிந்துகொள்வர்; ஒருவர் ஊரிலிருந்து பயிரிடுவார்; நகரில் உள்ளவர்க்குக் குத்தகையில் பங்கு சேரும். மேலும் 1960-கள் முதல், விளைநிலம் விலைக்கு வருங்கால் அதனை முந்தி வாங்கி உழுவார்க்கே அளிக்கும் உரிமையுடைய அமைப்புகளும் அங்கு உள.

நம் நிலை யாது? 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி இங்கு வந்தது. 2021-ல் ஊர் மாநகராட்சியாயிற்று. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் கீழ் நெல் விளைந்த நிலங்களில் இன்று நாம் வீடு கட்டி வாழ்கின்றோம். அதனைக் குறை கூறோம். யாமும் அத்தகைய மனையொன்றில் வாழ்பவரே. ஆனால் நம் சொந்த ஊர்களில் எஞ்சிய இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கரும் பாகப்பிரிவினையில் அரைக்காலாகி, அரைக்கால் எவர்க்கும் பயன்படாது விலைபோகின்றது. அண்ணன் தம்பியர் நீதிமன்றத்தில் செலவிட்டது நிலத்தின் விலையினும் மிகுந்த குடும்பங்களை இவ்வவையிலேயே அறிவோம்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை நோக்குமின். அங்கே பந்தல்களில் விளையும் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுதும் அறுவடையாவது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்த கொடி அஃது என்பது ஆங்கு வழங்கும் வரலாறு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நம் உழவர் தெளிக்கும் போர்டோக் கலவையும் பிரெஞ்சுச் சரக்கே. மேதோக் வட்டாரத்தில் வழிப்போக்கர் பழம் பறியாதபடி சாலையோரக் கொடிகளில் பூசிய நீலக் குழம்பு நோயையும் தடுத்தது என 1882-ல் கண்டவர் மில்லார்தே என்னும் பேராசிரியர். திருடர்க்கு அஞ்சிச் செய்த காரியம் உலகத்துத் தோட்டங்களைக் காத்தது! 'பியோ' முறையும் இக்கலவையை விலக்கவில்லை. செம்பின் அளவு மட்டும் ஏழாண்டில் ஹெக்டேருக்கு 28 கிலோவை மீறலாகாது.

பன்னீர்ப் பழம் மெல்லிய தோலுடையது. நெடுந்தொலைவுப் பயணம் தாங்காது. ஆதலின் விளைத்தவர் கேட்ட விலைக்குக் காத்திருத்தல் அரிது. வியாபாரி சொன்னதே விலை. நஞ்சு குறைத்து விளைத்தவர்க்கும் அதே விலை எனின், அவர் ஏன் வருந்தி உழைப்பார்? முத்திரை பெற வழியில்லாமலும் இல்லை. நம் மாநில உயிர்மச் சான்றளிப்புத் துறை 2007 முதல் இயங்குகின்றது. உழவர் குழுவாய் ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துச் சான்றளிக்கும் பங்கேற்பு முறையும் உண்டு. அதற்குச் செலவு மிகச் சிறிது. பத்து உழவர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் பதியவும் சட்டம் 2002-ல் இடம் தந்தது. இல்லாதது யாதெனின், பாரிசுத் தொழிலாளர் சங்கம் போல இவ்வாரம் இத்துணைக் கூடை எடுத்துக்கொள்வோம் என வாக்களிக்கும் ஒரு கூட்டம். வெறும் 'இயற்கை' என்று அச்சிட்ட தாளை நம்பி இருமடங்கு விலை தருகின்ற நம் இல்லத்தரசியர், அப்பணத்தை விளைத்தவர் கைக்கே தரலாகாதா?

செயலாளர் மேசைமீது குறிப்பேடு ஒன்று வைத்துள்ளார். அதன் முதற்பகுதியில், சொந்த ஊரில் பிரியாத நிலமுடையோர் ஊர், பரப்பு, இப்போது பயிரிடுவார் யார் என்னும் மூன்றையும் எழுதுக. சட்டம் கற்ற அன்பர் இருவர் அவற்றைப் பார்வையிட இசைந்துள்ளனர். பிற்பகுதி திராட்சைக்கு. முப்பது குடும்பங்கள் ஒப்பினால் கம்பத்திலிருந்து இரவு வண்டியில் கூடைகளை வருவிக்கலாம். விடியற்காலையில் நிலையத்தருகே வந்து எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டிற்குக் கொண்டுவந்து தர இயலாது.