அன்னையர் நலமும் ஹார்மோன் மருந்தும்

மாணவ மாணவியரே,

பெண்களின் வாழ்வில் வந்தே தீரும் ஒரு பருவத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மாதவிடாய் நின்றுபோகும் பருவமே அது. அது நோய் அன்று. ஆயினும் சிலருக்கு நோயினும் மிகுந்த துன்பம் தருவது. இளைஞராகிய உங்களிடம் இதனைச் சொல்வானேன்? நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் ஆண்டுகளிலேதான் உங்கள் அன்னையருள் பலர் இப்பருவத்தை அடைகின்றனர். மருந்துச் சீட்டைப் படித்தறியக்கூடியவர் வீட்டில் நீங்கள் ஒருவராகவே இருத்தலும் கூடும்.

நான் மருத்துவம் புரிவது வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட தோல் தொழில் வட்டாரத்தில். இங்குள்ள காலணித் தொழிற்சாலைகளில் தோலைத் தைத்தும் ஒட்டியும் உழைப்பவருள் பெண்கள் மிகப் பலர். தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் 46 வயதுப் பெண்ணுக்கு மார்பிலிருந்து முகம்வரை திடீரென்று அனல் பரவுகிறது, வியர்வை பெருகுகிறது, சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. வேலூர் வெயிலை அறியாதார் யார்? ஆகவே அவள் வெயிலின்மேல் பழி போடுகிறாள். மார்கழிக் குளிரிலும் நள்ளிரவில் வியர்த்து விழிக்கும்போது, "உடற்சூடு" என்கிறாள். உறக்கம் கெடுகிறது, சினம் மிகுகிறது, மறதி வருகிறது. எனினும் யாரிடமும் சொல்வதில்லை.

இவ்வாறு வாய்திறவாமை எத்துணைக் கொடியது என்பதை வேலூரின் வரலாறே காட்டும். ஆண் மருத்துவர் பார்க்கலாகாது என்று வீட்டார் மறுத்தமையால், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று தாய்மார் மகப்பேற்றில் மாண்டனர். அதனைக் கண்ட ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண், மருத்துவம் பயின்று 1900ஆம் ஆண்டில் வேலூருக்குத் திரும்பினார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் முயற்சியில் வளர்ந்ததே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இன்று பெண் மருத்துவர்கள் பலர் உளர். நாணம் மட்டும் முற்றிலும் நீங்கவில்லை.

இனி, உடலில் நிகழ்வதென்ன என்று பார்ப்போம். பெண்ணின் சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. நம் நாட்டில் சற்றேறக்குறைய 46, 47 வயதில் அச்சுரப்பு மிகவும் குறைந்து மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வாராதிருந்தால் நின்றுவிட்டதெனக் கொள்ளலாம். மூளையில் உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதி அப்போது சிறு மாறுதலுக்கும் பெரிதாகக் கலங்குகிறது. அனல் எழுவது அதனாலேயே. எலும்பும் வலுவிழக்கத் தொடங்குகிறது.

குறைந்ததைக் கொடுத்தால் குறை தீருமன்றோ? அவ்வாறே எண்ணி, கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜனை 1942இல் அமெரிக்காவில் மாத்திரையாக விற்கத் தொடங்கினர். இளமையை மீட்கும் மருந்தென்றும் போற்றினர். ஆனால் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்டவர்க்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்று மிகுவதை 1975இல் வெளியான ஆய்வுகள் காட்டின. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்த்தால் அச்சவ்வு காக்கப்படும் என்பது தெளிவாயிற்று.

பின்னர், கருப்பையுள்ள 16,608 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த பேராய்வு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இரு மருந்தும் சேர்த்து உண்டவருள், ஓராண்டில் 10,000 பேருக்கு 8 பேர் மிகுதியாக மார்பகப் புற்றும், 8 பேர் மிகுதியாகப் பக்கவாதமும் உற்றனர். இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. இச்செய்தி கேட்டு உலகெங்கும் பெண்கள் மருந்தைக் கைவிட்டனர். ஆனால் அப்பெண்களின் சராசரி வயது 63! மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள், 60 வயதுக்குமுன் தொடங்குவோர்க்கு, வேறு தடை இல்லையெனில், தீமையினும் நன்மையே மிகுதி என்பது பின்னாய்வுகளின் முடிபு. முன்னர் அளவிறந்து புகழ்ந்ததும் பிழை. பின்னர் அளவிறந்து அஞ்சியதும் பிழை.

எனவே, எந்த மருந்து சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நம்மூர்த் தோல் தொழிலாளரைப் பாருங்கள். ஆவாரம்பட்டையில் பதனிடுவதா, குரோம் உப்பில் பதனிடுவதா என்பதை, அடித்தோலுக்கா மேல்தோலுக்கா என்று கேட்டபின்னரே முடிவு செய்கின்றனர். மருந்துக்கும் அத்தகைய கேள்விகள் மூன்று உள.

முதலாவது, கருப்பை உண்டா? உண்டெனில் இரு மருந்தும் வேண்டும். அறுவையால் நீக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். சூலகங்களையும் இளவயதிலேயே எடுத்துவிட்டவர்க்கு, தடையில்லையெனில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையேனும் ஹார்மோன் கொடுப்பதே முறை.

இரண்டாவது, உடலில் வேறென்ன நோய்? மார்பகப் புற்று, பக்கவாதம், மாரடைப்பு, இரத்தக் குழாயில் உறைகட்டி, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவை கண்டவர்க்கு ஹார்மோன் மாத்திரை பொதுவாக ஆகாது. அவர்க்கு அனலைத் தணிக்க ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளும் இதற்கு உதவுகின்றன.

மூன்றாவது, துன்பம் எது? உடல் முழுதும் அனல் என்றால் மாத்திரையோ, தோலில் ஒட்டும் பட்டையோ, தடவும் ஜெல்லோ உதவும். மாத்திரை முதலில் கல்லீரலுக்குச் சென்று இரத்தம் உறையும் தன்மையைச் சிறிது கூட்டுகிறது. தோல்வழி மருந்தில் அவ்வச்சம் குறைவு. பிறப்புறுப்பின் வறட்சியும் எரிச்சலும் மட்டுமே துன்பமெனில், அவ்விடத்தில் மட்டும் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும். துன்பம் சிறிதெனில் மருந்தே வேண்டுவதில்லை. நடையும், சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகும் பாலும் எவர்க்கும் நல்லவை.

இவற்றை முடிவு செய்ய வேண்டியவர் அன்னையும் மருத்துவரும். மருந்துக் கடைக்காரரோ, அயல்வீட்டாரோ அல்லர். ஒருத்திக்கு இதம் செய்த மாத்திரை மற்றொருத்திக்கு நஞ்சாகலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப்பின் ஒரு துளி குருதி கண்டாலும், காலம் கடத்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். பலர்க்கு அது அற்பக் காரணத்தாலேயே வருவது. சிலர்க்குப் புற்றின் முதல் அறிகுறி. தொடக்கத்திலே கண்டால் பெரும்பாலும் குணமாகும்.

இன்றிரவு உங்கள் அன்னையிடம், "நன்றாக உறங்குகிறீர்களா, அம்மா?" என்று கேளுங்கள். புதல்வரும் கேட்கலாம். விடை சொல்லத் தயங்கினால், மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.