கருத்தடையில் கணவனின் பங்கு



மக்கள்தொகைப் பெருக்கமும் குடும்பக் கட்டுப்பாடும் பற்றிப் பேசப் பணித்தீர்கள். உலகம் முழுவதையும் சுற்றிவராமல், நம் நாட்டில் நடந்த ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக முதன்முதலில் ஏற்ற நாடு இந்தியா, ஆண்டு 1952. அன்று ஒரு பெண் சராசரியாக ஏறத்தாழ ஆறு பிள்ளைகள் பெற்றாள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் அது 2.0 ஆகக் குறைந்திருந்தது. பெரிய மாற்றம்தான். ஆனால் யார் உடம்பில் கத்தி வைத்து இதைச் சாதித்தோம்? அதே ஆய்வுப்படி, கருத்தடை அறுவை செய்துகொண்ட மனைவியர் நூற்றுக்கு 37.9, கணவன்மார் 0.3. ஆந்திரத்தில் பெண்களின் கணக்கு எழுபதை நெருங்குகிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்.

தொடக்கத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு அரசு பணம் தரும் வழக்கம், அவர் முயற்சியில், 1950களின் பிற்பகுதியில் இங்கேதான் வேர்விட்டது. அன்று குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஆணுக்குத்தான். கேரளத்தின் எர்ணாகுளத்தில் கலெக்டர் கிருஷ்ணகுமார் 1971 ஜூலையில் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 63 ஆயிரம் ஆண்கள் வாசக்டமி என்னும் ஆண் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். உலகமே வியந்தது. நான் முழுமனதாக வியக்க மாட்டேன். வந்தவர்களுக்குப் பணமும் பொருளும் கொடுத்தார்கள்; பசித்தவன் கையில் காசைக் காட்டிப் பெறும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், ஆண்கள் வரவே மாட்டார்கள் என்ற பேச்சை அந்த முகாம் பொய்யாக்கியது.

பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77 என்ற ஒரே ஆண்டில் ஏறத்தாழ 82 லட்சம் அறுவைகள். அவற்றில் 62 லட்சம் வாசக்டமி. மேலிருந்து இலக்கு இறங்கியது. ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டுமானால் ஆள் பிடித்து வரவேண்டும். கடன், உரிமம் எதற்குப் போனாலும் அறுவைச் சான்றிதழைக் கேட்டார்கள். ஹரியாணாவின் உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துப் போனது. மணமாகாதவர்கள், முதியவர்கள்கூடத் தப்பவில்லை என்ற புகார்கள் பல ஊர்களிலிருந்து வந்தன. அறுவையை ஒட்டி நேர்ந்ததாக, நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் முன் வந்த மரணங்களின் எண்ணிக்கை 1,774. 1977 தேர்தலில் வட இந்தியா ஆட்சியைக் கவிழ்த்துத் தன் தீர்ப்பைச் சொன்னது. அடுத்த ஆண்டு அறுவைகள் பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தன.

அதன்பிறகு நடந்ததை நாம் போதிய அளவு பேசவில்லை. ஆட்சியாளர்கள் இலக்கைக் கைவிடவில்லை, ஆளை மாற்றினார்கள். ஆணைத் தொட்டால் ஆட்சி கவிழும் என்று கண்டுகொண்டு பெண்ணின் பக்கம் திரும்பினார்கள். வயிற்றில் சிறு துளையிட்டு அறுவை செய்ய உதவும் லேப்ராஸ்கோப் வந்தது, பள்ளிக்கூடங்களில் பெண்களை வரிசையாகப் படுக்கவைத்து முகாம் நடத்தினார்கள். 1996இல் இலக்குகளைக் கைவிடுவதாக அறிவித்த பின்னும் முகாம்கள் நிற்கவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பதின்மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். முகாம் முறையை மூன்றாண்டுக்குள் ஒழிக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்ல 2016 ஆகிவிட்டது.

நம் ஊரில் அப்படி முகாமில் கூட்டுவதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இங்கே நடப்பதையும் பாருங்கள். ஒரு பெண் இரண்டாவது பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். குழந்தை பிறந்த கையோடு, வார்டிலேயே, "ஆபரேஷன் பண்ணிடலாமாம்மா?" என்று கேட்கிறார்கள். கணவன் வெளியே நிற்கிறான். அவனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் மாமியார் முந்திக்கொள்கிறார்: "அவன் வேலைக்குப் போறவன், அவன் உடம்புக்கு ஒண்ணும் ஆகக்கூடாது." அந்தப் பெண்ணும்தான் வேலைக்குப் போகிறாள்!

மருத்துவம் சொல்வது வேறு. பெண்ணுக்கான அறுவையில் வயிற்றைத் திறக்கவோ துளையிடவோ வேண்டும். தழும்பில்லா வாசக்டமியை, மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். விந்தணு முழுதும் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையும், பிறகு ஒரு பரிசோதனையும் போதும். ஆண்மை குறையாது, உடல் வலு குறையாது. ஆணுக்குத்தான் அரசு கூடுதல் ஊக்கத்தொகையும் தருகிறது. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை வாசக்டமி இருவார விழாவும் நடத்துகிறது. அச்சம் மட்டும் தலைமுறை தாண்டி நிற்கிறது.

இதை மாற்ற முடியும். நேபாளத்தின் 2016 ஆய்வில் ஆண் அறுவை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பூட்டானில் 2010இல் ஏறத்தாழ எட்டுத் தம்பதிகளில் ஒரு தம்பதி கணவனின் அறுவையையே நம்பியிருந்தது. ஈரான் 1990களில் மணமகன், மணமகள் இருவரையுமே திருமணத்துக்கு முன் கருத்தடை வகுப்பில் உட்காரவைத்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் ஐந்துக்கு மேல் இருந்த அந்நாட்டின் சராசரிப் பிள்ளைப்பேறு பதினைந்தே ஆண்டுகளில் இரண்டாயிற்று.

கருத்தடையை நாட்டின் வறுமைக்கு மருந்தாகப் பலர் பேசிய காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதிட்டவர் பெரியார். அந்த வாதம் பிறந்த மண்ணில் கருத்தடையின் வலி முழுவதையும் பெண்ணே தாங்குவது முறையாகாது.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிரசவ வார்டில் அந்தப் பெண்ணிடம் படிவத்தை நீட்டுவதற்கு முன், வெளியே நிற்கும் கணவனை உள்ளே கூப்பிடுங்கள். உட்காரவைத்து, இருவருக்கும் சேர்த்து எல்லா முறைகளையும் சொல்லுங்கள். வாசக்டமியை முதலில் சொல்லுங்கள்.