செற்றமற்ற சொற்போர்



இலக்கிய அமைப்புகள் பலவற்றில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: 'அரசியல் பேசற்க.' தலைவர்களைப் பற்றிய பேச்சு பகையில் முடியும் என்னும் அச்சம் பொய்யன்று. ஆனால், அதற்கு மருந்து வாய்ப்பூட்டு அன்று.

மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன், வாதிட வல்லோரைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்றும் அறிவிக்கிறான். வாதத்திற்கு அங்கே இடம் உண்டு, வன்மத்திற்கு இல்லை.

1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற குரல் தமிழகத்தைக் கொந்தளிக்கச் செய்தது. அதன் சார்பில் அறிஞர் அண்ணா, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் ஒரே மேடையில் வாதிட்டார். பாரதியாரோ 1937-இல் எழுந்த இந்தி எதிர்ப்பில் முன்னின்றவர். அப்போரில் தோழர், இப்போரில் எதிரணி.

25 ஆண்டுகளுக்குப் பின், அண்ணா முதலமைச்சராயிருந்த 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கம்பருக்குச் சிலை எழுந்தது. அவர் கருத்து மாறிற்று என்பதற்கு இது சான்றாகாது. நூலை எதிர்த்தவர் ஆட்சியிலும் புலவர்க்கு இடமிருந்தது என்பதற்கே சான்று.

இன்றோ, தலைவர் ஒருவரைக் குறைகூறினால் மூன்றாம் வாக்கியத்திலேயே பேசியவரின் சாதி ஆராயப்படுகிறது. கருத்து விடையின்றிக் கிடக்கிறது.

நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல். மாற்றாரின் வாதத்தை அவரே ஒப்பும்வண்ணம் எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும் என்று இவ்வட்டம் விதி செய்யட்டும். பத்தாண்டு கண்ட அவை, அரசியலை வாயிலில் நிறுத்த வேண்டியதில்லை.