பூனைக் காது பலூன்

ரப்பர் தோட்டத்தில் விடியலில் மங்கில் சொட்டும் பாலும், பிறந்தநாள் வீட்டில் தொங்கும் பலூனும் ஒரே மரத்துப் பிள்ளைகள். 1824-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, இரண்டு ரப்பர் தாள்களின் ஓரத்தை ஒட்டி, உட்புறம் ஒட்டாமலிருக்க மாவு தடவி, வாயுச் சோதனைக்காகப் பலூன் செய்தார். 1931-இல் அமெரிக்கர் நீல் டில்லட்சன் அட்டையைப் பூனைத் தலையாக வெட்டி, ரப்பர் பாலில் முக்கி உலர்த்தினார். காதோடு வந்தது பலூன்!

நம் வீட்டுப் பிள்ளை கேட்பதோ உப்பின் இப்பின் கார்ட்டூன் பலூன். அந்தப் படம் போட்ட பளபளப்புப் பலூன் ரப்பரே அல்ல, மெல்லிய பிளாஸ்டிக் தாள். காசு படத்துக்குத்தான். அதில் ஒன்று போதும். மற்றவற்றுக்கு அதே நிறத்தில் சாதா ரப்பர் பலூன் பாக்கெட் வாங்கி, ஊதியபின் மார்க்கர் பேனாவால் கண்ணும் வாயும் வரையுங்கள். கோணலாக வந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் குஷி. ஹீலியம் வேண்டாம், சாதா பலூனில் மறுநாளே இறங்கிவிடும். கைப்பம்பால் அடித்த காற்று சில நாள் நிற்கும். வெயிலில் மட்டும் கட்டாதீர்கள்.

வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சின்னதுகள் வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும்.